நாளை விடிந்தால் போட்டி: முந்தைய நாள் கோளாறுகளும் கைவைத்தியமும்

முழு தூர டிரையத்லான் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அரை தூரம் இதில் சரிபாதி. பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலுமாக இருக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உவரிக் கடலில் இறங்கி, திசையன்விளை, ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துச் சாலைகளில் மிதித்து, வெயில் தாழ ஓடி முடிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். பரிசு கிடையாது, மேடை கிடையாது. வெளியூர்ப் போட்டிகளுக்கும் போய் வருவோம். எங்கே போட்டி என்றாலும் அதற்கு முந்தைய சனிக்கிழமை எனக்கு வரும் போன்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சைக்கிள் வேலை எதுவானாலும் உச்சிப்பொழுதுக்குள் முடித்துவிடுங்கள். செய்த வேலை சரிவரவில்லை என்றால் திரும்ப நேற்று இருந்தபடி வைக்க முடியுமா என்று யோசித்துவிட்டுக் கை வையுங்கள். முடியும் என்றால் செய்யலாம். முடியாது என்றால் அந்தக் கோளாறோடே நாளைக்குப் போவதுதான் பத்திரம். கீழே ஒவ்வொன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

காலையில் பார்த்தால் டயர் சப்பையாகக் கிடக்கிறது

"அண்ணாச்சி, பின் டயரு சப்பையா கெடக்கு. நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு."

நம் ஊரில் இந்தப் போன் வராத சனிக்கிழமை இல்லை. சாலையோரம் முழுக்க உடைமரமும் சீமைக்கருவேலமும் நிற்கிற நாடு இது. ஆடு மேய்ப்பவர்கள் வெட்டிப் போட்ட கிளை ஒன்று காய்ந்து, அதன் முள் தாரில் ஒட்டிக் கிடந்தாலே போதும்.

உடனே டயரைக் கழற்றாதீர்கள். உள்ளே இருப்பது என்ன டியூப் என்று பாருங்கள். லேட்டக்ஸ் டியூப் என்றால் ஒரே ராத்திரியில் காற்று தானாகவே நன்றாகக் குறையும், அது அதன் சுபாவம். சாதாரண கறுப்பு டியூப் அப்படி இறங்காது. எதுவானாலும் வழக்கமான அளவுக்குக் காற்றடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். நின்றால் நல்லது. இறங்கினால் முள் இருக்கிறது.

கழற்றும்போது டயரின் மேல் உள்ள எழுத்து, வால்வுக்கு நேராக இருக்கிறதா, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். அந்த டியூபை அதே வாக்கில் டயரோடு சேர்த்து வைத்தால் டயரில் முள் எந்த இடத்தில் இருக்கும் என்பது ஒரு சாண் அளவுக்குள் பிடிபட்டுவிடும்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். டயரின் உள்பக்கம் விரலைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று புது டியூபை மாட்டிவிடுகிறார்கள். உடைமுள் ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும்போது விரலுக்குத் தெரியாது. காற்றடித்து ஆள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நுனி எட்டிப் பார்க்கும். ஒரு சிறு துண்டுப் பஞ்சை எடுங்கள். அதை டயரின் உள்பக்கம் மெள்ள இழுத்துக்கொண்டே வாருங்கள். வழுவழு என்று போய்க்கொண்டிருக்கும் பஞ்சு ஓர் இடத்தில் நூல் நூலாகப் பிய்ந்து நிற்கும். அந்த நூலின் அடியில் பழுப்பு நிறத்தில் குண்டூசி நுனி அளவுக்கு ஒன்று தெரிந்தால் அதுதான். உள்ளிருந்து ஊசியால் வெளியே தள்ளி, வெளிப்பக்கம் முள்வாங்கியால் பிடித்து இழுங்கள். எங்கள் ஆச்சி சாவிக்கொத்தில் போட்டிருந்த அந்தச் சின்ன இரும்பு முள்வாங்கியைத்தான் நான் இன்றும் சைக்கிள் பையில் வைத்திருக்கிறேன். இதற்கு அதைவிடத் தோதான கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு முள் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். டயரின் முழுச் சுற்றும் பஞ்சை ஓட்டுங்கள். முன் டயருக்கும் ஒரு சுற்று.

டியூபைப் புதிதாகப் போடுங்கள். ஒட்டுப்போட்டதை மாற்று டியூபாகப் பையில் வைத்துக்கொள்ளலாம். டயரை மட்டும் மாற்ற வேண்டாம். வெட்டு விழுந்து நூல் தெரிந்தால் வேறு வழியில்லை, அதுவும் நீங்கள் ஏற்கெனவே ஓட்டிப் பழகிய அதே டயராக இருக்கட்டும்.

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. காலை 25 டிகிரியில் 85 பிஎஸ்ஐ அடித்துவிட்டு சைக்கிளை வெயிலில் நிறுத்தினால், டயர் 50 டிகிரிக்குச் சூடாகும்போது உள்ளே 93 பிஎஸ்ஐ வரை ஏறும். அதனால் சனிக்கிழமை மதியமே சைக்கிளை ஒப்படைக்கச் சொல்லும் போட்டிகளில் கொஞ்சம் காற்றை இறக்கி விட்டுவிட்டு வாருங்கள். விடியற்காலையில் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பம்ப் கட்டாயம் கூட வரவேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைத்து வந்துவிட்டால், வரிசையில் 12 பேரும் ஒரு பம்பும் இருக்கும்.

கியர் மாறவில்லை, அல்லது தானாக மாறுகிறது

வீட்டில் நன்றாக ஓடிய சைக்கிள், பெட்டியில் கட்டிக்கொண்டு போன பிறகு இப்படிச் செய்தால் முதல் சந்தேகம் ஹேங்கர் மேல் விழவேண்டும். செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் பின் டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. அடிபட்டால் சட்டம் உடையாமல் அது வளையவேண்டும் என்றே மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். சைக்கிளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். டெரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஆரைக்கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அப்படியே மிதித்து மேட்டில் லேசான கியருக்கு, அதாவது பின்னால் பெரிய பல்லுக்குப் போனால் டெரெய்லர் கம்பிக்குள் போய்விடும், சக்கரமே போகும். நான் ஒருமுறை அப்படி வளைந்ததைக் கவனிக்காமல், போட்டி நடக்கும் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைகடையாக அலைந்திருக்கிறேன். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு மாதிரி, அவசரத்துக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. அன்றிலிருந்து ஒரு மாற்று ஹேங்கர் என் ஷூ பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

ஹேங்கர் நேராக இருந்தால் பெரும்பாலும் கேபிள் தளர்ச்சிதான். கேபிள் டெரெய்லருக்குள் நுழையும் இடத்தில் உள்ள திருகைப் பாருங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாகக் கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எத்தனை கால் சுற்று திருப்பினீர்கள் என்று எண்ணி வைத்துக்கொண்டால் திரும்பப் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். எல், ஹெச் என்று எழுதிய இரண்டு திருகுகளின் பக்கம் இன்றைக்குப் போகவே வேண்டாம்.

பேட்டரி கியர் வைத்திருப்பவர்களுக்கு: முன் கியர் மட்டும் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் சார்ஜ் தீரப்போகிறது. ஷிமானோவில் முதலில் முன் டெரெய்லர்தான் நிற்கும். இப்போதே சார்ஜில் போடுங்கள்.

டிஸ்க் பிரேக் உரசுகிறது, கீச்சிடுகிறது

சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது யாராவது பிரேக் கைப்பிடியை அமுக்கியிருப்பார்கள். பேடுகள் நெருங்கிவிடும். ஒரு பிளாஸ்டிக் டயர் லீவரை இரண்டு பேடுக்கும் நடுவே விட்டு மெள்ள விலக்குங்கள். சக்கரத்தை மாட்டி, பேடுகளைத் தாங்கும் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, பிரேக்கை அமுக்கிப் பிடித்தபடியே இறுக்கினால் உரசல் நின்றுவிடும்.

கீச்சிட்டால் அது எண்ணெய். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டரில், அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டில், தெறித்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் நனைத்து ரோட்டரை நன்றாகத் துடையுங்கள். பேடிலும் எண்ணெய் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றவேண்டும். போட்டிக்கு முந்தைய நாள் செயினுக்குச் சொட்டு எண்ணெய் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, கால் மணி நேரம் கழித்து வெளியே வழிந்ததை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல், வழியும் எண்ணெயில் ஒட்டினால் செயினை அரம் போட்டு ராவியது போல ஆக்கிவிடும்.

நாளைக்குக் காற்று எப்படி என்று தெரியவில்லை

போன் செயலி சொல்வதைவிட ராதாபுரம், பணகுடிப் பக்கம் நிற்கும் காத்தாடிகள் தெளிவாகச் சொல்லும். காற்றாலையின் இறக்கை இருக்கும் பக்கம்தான் காற்று வரும் பக்கம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி காற்று போகும் பக்கம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். மாசியில் பெரும்பாலும் வாடைதான், பகல் ஏற ஏறக் கடல்காற்றும் சேரும். நாளைக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே பக்கம் திரும்பும். எந்தத் திசைச் சாலையில் அடக்கி மிதிக்கவேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடும்.

ஆனி, ஆடியில் வந்து பழகப் பார்ப்பவர்களுக்கு வேறு கதை. அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் என்கிற மேல்காற்று பாய்ந்து வரும். காவல்கிணறு பக்கம் லாரி ஒன்று கடந்துபோகும்போது காற்று ஒரு கணம் நின்று, மறுகணம் பக்கவாட்டில் அறையும். ஆழமான விளிம்புள்ள முன் சக்கரம் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சக்கரத்தைப் போடுங்கள். பின் சக்கரம் இருக்கட்டும். ஓட்டிப் பழகிய சக்கரமாக இருந்தால் இது திருப்பிச் செய்யக்கூடிய மாற்றம்தான்.

எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது, கால் கனமாக இருக்கிறது

இது கோளாறு இல்லை. இரண்டு நாளாகச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டிருப்பீர்கள். அது தசைக்குள் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். அந்தக் கனம்தான் இது. நாளைக்குப் பத்து மணிக்கு மேல் அந்தத் தண்ணீரே உங்களுக்கு உதவும். இதைப் பார்த்துப் பயந்து மதியச் சாப்பாட்டைக் குறைப்பவர்களை எனக்குத் தெரியும். குறைக்காதீர்கள்.

போன வாரம் வரை இல்லாத வலி

பயிற்சியைக் குறைத்த கடைசிப் பத்து நாளில் உடம்பு புதுப்புது வலிகளாகக் காட்டும். முழங்கால், பிருஷ்டம், தோள் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும் வலியை அப்படியே விட்டுவிடலாம். ஒரே இடத்தில், கெண்டைக்கால் எலும்பில், விரல்நுனியால் அமுக்கினால் மட்டும் சுருக்கென்று வலித்து, ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கும்போது அதே இடத்தில் கூடினால் அது வேறு. எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். டாக்டரைப் பாருங்கள், ஓடாதீர்கள்.

காய்ச்சல், உடம்பு முழுக்க வலி, நெஞ்சுச் சளி, காலையில் படுக்கையிலேயே நாடி வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடுதல். இவை சேர்ந்து வந்தால் நாளைக்கு இறங்கக் கூடாது. வைரஸ் காய்ச்சலோடு மணிக்கணக்கில் உடம்பை வருத்தினால் இதயத் தசை வீங்கும் ஆபத்து உண்டு. மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு மட்டும்தான் என்றால் சுக்குக் காபி குடித்துவிட்டுப் போகலாம்.

முன்னெச்சரிக்கையாக வலி மாத்திரை போட்டுக்கொள்வதை எங்கள் குழுவில் நாங்கள் அனுமதிப்பதில்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

வயிறு உப்புசமாக இருக்கிறது

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: "சத்தா சாப்பிடணும்னு கீரையும் சுண்டலும் சாப்பிட்டேன்." நாளைக்கு வேண்டியது மாவுச்சத்து. நார்ச்சத்து இன்றைக்கு எதிரி. 60 கிலோ எடை உள்ளவர் கிலோவுக்கு 8 கிராம் வீதம் 480 கிராம் மாவுச்சத்து சேர்க்கப் பார்க்க வேண்டும். 100 கிராம் சோற்றில் 28 கிராம்தான் இருக்கிறது. சோறாகவே சாப்பிட்டால் ஒன்றே முக்கால் கிலோ ஆகும், யாராலும் முடியாது. அதனால் பானகம் கரையுங்கள். 30 கிராம் வெல்லம் கரைத்த ஒரு தம்ளர் பானகம் 100 கிராம் சோற்றுக்குச் சமம், வயிற்றையும் அடைக்காது.

மதியம்தான் பெரிய சாப்பாடு. வெள்ளைச் சோறு, தெளிவான ரசம், உருளைக்கிழங்கு. சொதி பிரியர்கள் தேங்காய்ப்பாலை ஞாயிறு கழித்து வைத்துக்கொள்ளுங்கள். பரோட்டா சால்னா, நெய் சொட்டும் அல்வா எல்லாம் அதே பட்டியலில்தான். ராத்திரி ஏழு மணிக்கு முன்னால் நாலைந்து இட்லி, தொட்டுக்கொள்ளச் சீனி. பால், தயிர் வழக்கமாக ஒத்துக்கொண்டால் கொஞ்சம் சேர்க்கலாம். ஏற்கெனவே உப்பிவிட்டதென்றால் அடுத்த வேளையைப் பானகமும் கஞ்சியுமாக மாற்றுங்கள், இரவுக்குள் இறங்கிவிடும்.

கால் மணிக்கொருமுறை சிறுநீர், தண்ணீர் போல வெள்ளையாக

நேற்றிலிருந்து குடம் குடமாகக் குடிக்கிறீர்கள். நிறுத்துங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். நெடுந்தூரப் போட்டிகளில் தலைச்சுற்றலும் குழப்பமும் வந்து விழுபவர்களில் சிலருக்கு இதுதான் காரணம், தாகம் அல்ல. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதும். கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

நாளைய பாட்டில்களை இன்றே கலக்கிவைப்பவர்கள் ஓஆர்எஸ் பொட்டலத்தை அளவோடு கலக்குங்கள். ஒரு லிட்டருக்கானது ஒரு லிட்டருக்குத்தான். 750 மில்லி பாட்டிலில் ஒரு பொட்டலத்தைக் கொட்டினால் கரிப்புத் தாங்காது, வயிறும் புரட்டும்.

ஆனால் தண்ணீர் தீர்ந்துபோவதும் நடக்கும். 1978 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேன் என்ற முழு தூரப் போட்டியில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பாருக்குத் துணைக்கு வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, பீரைக் கொடுத்தார்கள். 11 மணி நேரம் 46 நிமிடம் 58 விநாடியில் கார்டன் ஹாலர் ஜெயித்தார். எங்களைப்போல் துணைக்கு ஒரு டாட்டா ஏஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஓடுபவர்கள் சனிக்கிழமை மதியமே 20 லிட்டர் கேன்களை ஏற்றி, வண்டி ஓட்டுபவரிடம் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாயால் சொல்வது போதாது.

கடலைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது

சேரன்மகாதேவியிலோ கல்லிடைக்குறிச்சியிலோ தாமிரபரணியில் நீந்திப் பழகியவர்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆற்றில் இரண்டு கரையும் தெரியும். சனிக்கிழமை மாலை கரைக்குப் போய், துணைக்கு வள்ளம் கொண்டுவரும் பெரியவரோடு சேர்ந்து முழங்கால் தண்ணீரில் பத்து நிமிடம் நில்லுங்கள். போன வருடம் ஒரு தங்கச்சி பயந்துபோய் நின்றபோது அவர் சொன்னார்: "பயப்படாதம்மா. நீவாடு எந்தப் பக்கம் இழுக்குன்னு மொதல்ல பாரு. அதுக்கு எதுக்க மல்லுக்கட்டாத, சாஞ்சு போ." நீவாடு என்றால் கடல் நீரோட்டம். சொல்லிவிட்டு ஒரு சிரட்டையை அலைக்கு அந்தப் பக்கம் எறிந்தார். அது மெதுவாக ஒரு பக்கமாக நகர்வதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். அந்தப் பெண் தான் குறிவைத்து நீந்தும் மிதவை அடையாளத்தை அந்தக் கணக்குப்படி பத்தடி தள்ளி வைத்துக்கொண்டாள்.

வானம் தெளிவாக, காற்றே இல்லாமல், அலை மட்டும் நெடுநெடுவென்று வந்து மோதினால் அது கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை. சித்திரை, வைகாசியில் நம் கரையில் அதிகம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது, பார்த்துவிடுங்கள். வள்ளக்காரர்கள் இறங்க வேண்டாம் என்று சொன்னால் நீச்சலை விட்டுவிட்டு ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று மாற்றிக்கொள்வோம். அந்த முடிவு சனிக்கிழமை மாலையே அவர்கள் கையில்.

காகிள்ஸில் ஆவி படிகிறதென்றால் உள்பக்கத்தை விரலால் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு விட்டு அலசினால் போதும். உவரியில் சூரியன் கடலுக்கு மேலேயே உதிக்கும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். கழுத்துக்கும் அக்குளுக்கும் வாசலின், ஆனால் காகிள்ஸை மாட்டிய பிறகு. முதலிலேயே தடவினால் அந்த விரல் கண்ணாடியில் படும், பிறகு எதுவுமே தெரியாது.

மணி பதினொன்று, தூக்கம் வரவில்லை

வரவேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் அது நாளைக்குக் கைகொடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருங்கள். பழக்கமில்லாத தூக்க மாத்திரை வேண்டாம். மதியத்துக்குப் பிறகு குடித்த காபியின் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், அடுத்த முறை அதைக் கவனித்துக்கொள்ளலாம்.

எழுந்து பையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்று பையையும் சாயங்காலமே கட்டி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டை வெளியே ஒட்டிவிடுங்கள். ராத்திரி சீட்டைப் படித்தால் போதும், பையை அவிழ்க்கத் தேவையில்லை. அவிழ்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு சாக்ஸ் வெளியிலேயே தங்கிவிடும்.

அலாரம் இரண்டு போனில், மூன்றேகாலுக்கு. ஹாட்பேக்கில் இட்லி, பக்கத்தில் சீனி டப்பா. எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னால் போய் இரண்டு டயரையும் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். பஞ்சில் சிக்காத முள் எதுவும் இருந்திருந்தால் இந்த நேரத்துக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். மாற்று டியூப் மேல்பையில் இருக்கிறது, மாற்றப் பத்து நிமிடம் ஆகும், வண்டி கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.